பதினெட்டுப் பச்சைப் புள்ளிகள்

பயிற்சி மையத்தில் அவரை எல்லோரும் 'ஏன் டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். படிப்பைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்குப் பள்ளிப் பரீட்சைக்கான கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். விடை சரியாக இருந்தாலும் விடமாட்டார். "சரி, ஏன்?" என்று நிற்பார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டு, சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சமிருந்தது.

இந்த வருடம் மையத்துக்கு மென்பொருள் ஒன்று வந்தது. திறந்ததும் திரையில் 'கற்பவரே மையம்' என்று கொட்டை எழுத்தில் ஓடும். டீச்சருக்கு நிஜமாகவே சந்தோஷம். அன்று மாலை கணவரிடம் மூச்சுவிடாமல் சொன்னார்.

"அவங்கவங்க வேகத்துல படிக்கலாம். புரியலைன்னா திருப்பிப் பாக்கலாம். தெரிஞ்சதைத் தாண்டிப் போகலாம்."

"அப்போ உனக்கு என்ன வேலை?"

"அவங்க மாட்டிக்கிற இடத்துல போய் நிப்பேன்."

கணவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பாத்துக்கோ, உன்னையும் தாண்டிப் போயிடப் போறாங்க."

தாண்டிப் போகவே முடியாது என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துபோனது. நாற்பது வீடியோ. ஒன்றை முழுதாகப் பார்த்தால்தான் அடுத்தது திறக்கும். வகுப்பில் தையல்காரம்மா ஒருவர் இருந்தார். ஒன்றேகால் மீட்டரில் முக்கால் போனால் அரை என்று தூக்கத்தில்கூடச் சொல்வார். அவர் முன்னால் ஓர் ஆப்பிள் பதினோரு நிமிடமாக நான்கு துண்டாகிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இதை எப்போதான் வெட்டி முடிப்பாங்க? எங்கிட்ட கத்தரி இருக்கு, குடுக்கவா?"

போதாததற்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையில் ஒரு பெட்டி எழும். 'நீங்கள் இருக்கிறீர்களா?' 'ஆம்' அழுத்தாவிட்டால் பாடம் முதலிலிருந்து தொடங்கும். அதிகாலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வரும் பேக்கரி மாஸ்டர் கண்ணயர்ந்து, முதல் பாடத்தையே நான்கு முறை பார்த்தார். கேள்வி கேட்க மட்டும் திரையில் ஓர் இடமும் இல்லை.

டீச்சர் மென்பொருள் நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். தெரிந்த பாடத்தைத் தாண்ட விடுங்கள். சந்தேகத்தை அவரவர் குரலிலேயே பதிவு செய்ய வழி செய்யுங்கள், அதைக் கேட்டுவிட்டு நான் வகுப்புக்கு வருகிறேன். மூன்றுக்கும் ஒரே பதில்: 'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்.'

இதற்குள் மையத்தின் முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய திரையில் ஆளுக்கொரு புள்ளி. பதினெட்டில் பதின்மூன்று சிவப்பு.

"டீச்சர், முதல் பகுதிப் பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருக்கு. பச்சை ஆகாதவங்களுக்கு அனுமதிச் சீட்டு கிடையாது."

"அவங்களுக்குக் கணக்கு தெரியும் சார்."

"இருக்கலாம். மிஷினுக்குத் தெரியலையே!"

அடுத்த வகுப்பில் டீச்சர் கதவைச் சாத்தினார். கணினிகள் மூன்று சுவரையும் பார்த்து வரிசையாக இருந்தன. நடுவில் வெறும் தரை. பதினெட்டிலும் வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை அடைத்து, நாற்காலிகளை நடுவுக்கு இழுத்து வட்டமாகப் போடச் சொன்னார். பெட்டி எழும்போது என்ன செய்வது? வகுப்பில் இருந்த பஸ் கண்டக்டர் தானாக எழுந்தார்.

"இது நம்ம வேலை. நகருங்க, நகருங்க, உள்ள போங்க... டிக்கெட் வாங்காதவங்க யாரு?"

ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. பதினெட்டு 'ஆம்'. நடுவில் தையல்காரம்மா அளவு நாடாவை விரித்துப் பின்னம் சொல்லிக் கொடுத்தார்; பேக்கரி மாஸ்டர் மாவுக்கும் தண்ணீருக்கும் விகிதம் சொன்னார்; ஒருவர் தப்பாகச் சொன்னால் நான்கு பேர் "ஏன்?" என்று பாய்ந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படியொரு வகுப்பு அமைந்ததில்லை. திரையில் 'கற்பவரே மையம்' என்று போட்டிருந்தார்களே, அது சுவர்ப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தது.

புள்ளிகள் பதினெட்டும் பச்சையாயின. பரீட்சையில் பதினாறு பேர் தேறினார்கள்.

முதல்வர் இனிப்பு வாங்கி வந்தார். "எல்லா மையத்தையும்விட நம்ம மையத்துலதான் அதிக நேரம் வீடியோ பாத்திருக்காங்க! மேலிடத்துல ஒரே பாராட்டு. அதனால இரண்டாம் பகுதிக்கு வகுப்பு நேரமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்க. வீடியோ போதும். நீங்க மாடியில உக்காந்து மேற்பார்வை பாருங்க."

டீச்சர் இனிப்பைக் கீழே வைத்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். சத்தத்தை அடைத்தது, கண்டக்டர், சுற்று, எல்லாம்.

முதல்வர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கிவிட்டது. "இதை எழுதிக் குடுத்தீங்கன்னா பதினாறு பேரோட தேர்ச்சியும் ரத்தாகும். குடுக்கறீங்களா?"

டீச்சர் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தேர்ச்சித் தாளைக் காட்டித்தான் தையல்காரம்மா தொழிற்பள்ளியில் இடம் கேட்டிருந்தார்.

இப்போது அவருக்கு மாடியில் ஓர் அறை, ஒரு திரை. கணவர் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு, ஏசி இருக்கு" என்பார். கணவரும் அதற்குமேல் கிளறுவதில்லை. வகுப்பு அறையில் நாற்காலிகளைத் தரையோடு திருகி முடுக்கிவிட்டார்கள், முகம் சுவரைப் பார்த்து.

போன வாரம் ஆசிரியர்களுக்கும் வீடியோ வந்தது. தலைப்பு, 'கற்பவரை மையமாகக் கொண்டு கற்பிப்பது எப்படி?' ஐம்பது நிமிடம். முழுதாகப் பார்க்காதவர்களுக்கு மேற்பார்வை வேலையும் கிடையாது. நாற்பத்தோராவது நிமிடத்தில் கைப்பேசி அடித்தது. தையல்காரம்மா, கீழே வகுப்பு அறையிலிருந்து.

"டீச்சர், காலையும் அரையையும் பெருக்கச் சொல்லுது. பெருக்கினா கூடணும்ல? அரைக்கால்னு குறைஞ்சு போச்சே. ஏன்?"

"வீடியோவுல சொல்லலையா?"

"சரியான விடைன்னு பச்சை காட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுச்சு. ஏன்னு யாரு சொல்லுவா?"

டீச்சர் படியிறங்கி ஓடினார். துணி ஒன்றைக் காலாக மடித்து, அந்தக் காலில் பாதியை மடித்துக் காட்டினார். "அரையால பெருக்குறதுன்னா, இருக்கிறதுல பாதியை எடுக்கிறது" என்றார். "அட!" என்றார் தையல்காரம்மா. பக்கத்து நாற்காலியில் இருந்த கண்டக்டர் அவர்கள் பக்கம் திரும்ப முயன்றார். கழுத்துதான் திரும்பியது, நாற்காலி திரும்பவில்லை. எல்லாம் சேர்ந்து ஏழு நிமிடம் ஆகியிருக்கும்.

மூச்சு வாங்க மேலே வந்தபோது திரை வெறுமையாக இருந்தது. நடுவில் ஒரு வரி. 'நீங்கள் இல்லாததால் பாடம் முதலிலிருந்து தொடங்குகிறது.' அதன் கீழே அதே பெட்டி: 'நீங்கள் இருக்கிறீர்களா?'

டீச்சர் உட்கார்ந்தார். 'ஆம்' அழுத்தினார்.