மலைக்கு முன்னால் ஒரு ஆள் இடம்

பிள்ளைகளே, அப்போது எனக்கு ஏழு வயது. எண்பதுகளில் நாங்கள் சுவிஸில் பீல் நகரத்துக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அப்பா ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைப்பதே அருமை. கிடைத்த அன்று விடியமுன் எங்களை எழுப்பி, "வெளிக்கிடுங்கோ, மாட்டர்ஹோர்ன் பார்க்கப் போறம்" என்றார். சொக்லேட் பெட்டியில் இருக்கிற அந்தக் கூர் மலை! எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

அக்காவை யாழ்ப்பாணத்தில் சித்தியோடு விட்டுவிட்டு வந்திருந்தோம். மூன்று பேருக்குத்தான் வழி கிடைத்தது. அவவுக்கு அனுப்ப, மலையோடு ஒரு படம் எடுக்கவேண்டும். அதற்காகவே மேல்வீட்டு அண்ணையிடம் அப்பா கமரா இரவல் வாங்கியிருந்தார்.

கமராவை நான்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ரயிலில் அம்மா புட்டும் முட்டைப் பொரியலும் பகிர்ந்துகொண்டிருக்க, நான் ஒரு மாட்டைப் படம் எடுத்தேன். பிறகு இன்னொரு மாடு. பிறகு சுரங்கத்துக்குள் இருட்டு.

மலையடி ஊரில் கார் கிடையாது, குதிரை வண்டிதான். பழைய மர வீடுகள் வெயிலில் கறுத்து, கட்டைக்கால்களில் நின்றன. ஒவ்வொரு காலின் தலையிலும் திரிகைக்கல் போல ஒரு வட்டக் கல். எலி ஏறாமலிருக்க வைத்ததாம். நான் ஒரு காலையும் விடவில்லை. அப்பா கமராவை வாங்கிப் பார்த்தபோது மிச்சம் ஒரேயொரு படம்.

"எலிக்கல்லையோடா அக்காவுக்கு அனுப்புறது?" என்றா அம்மா.

மலையையும் காணவில்லை. ஒரே முகில். பாலத்தடியில் காத்திருந்தோம். அப்பா மணிக்கூட்டைப் பார்ப்பார், முகிலைப் பார்ப்பார். நாலு மணி ரயிலை விட்டால் நாளைக்கு வேலை இல்லை. பக்கத்தில் ஜப்பான்காரர் ஒரு கூட்டம், அவர்களும் எங்களைப் போலவே அண்ணாந்துகொண்டு நின்றார்கள். திடீரென்று எல்லோரும் "ஓ!" என்றார்கள். முகில் விலகி மலை நின்றது! நான் துள்ளினேன்.

அப்பா ஒரு ஜப்பான் அம்மாவிடம் கமராவை நீட்டினார். அவ குனிந்து வணங்கினா. அப்பாவும் குனிந்தார். அவ திரும்பவும் குனிந்தா.

"குனிஞ்சது காணும், முகில் வருது!" என்றா அம்மா.

நிற்கிற ஒழுங்கை அம்மாதான் சொன்னா. ஒரு பக்கம் தானும் நானும், மற்றப் பக்கம் அப்பா. நடுவில் ஒரு ஆள் நிற்கக்கூடிய இடம். "ஒருத்தரும் நடுவில வரப்படாது."

ஜப்பான் அம்மா இரண்டு கையையும் சேர்த்து, நெருங்கி நிற்கும்படி காட்டினா. அம்மா தலையை ஆட்டி மறுத்தா. அவ சிரித்துக்கொண்டு வந்து அப்பாவைத் தோளில் பிடித்து உள்ளே தள்ளிவிட்டா. அவ திரும்பிப் போக, அம்மா அப்பாவை முழங்கையால் வெளியே தள்ளினா. மேலே முகில் மலையின் தோளைத் தொட்டுவிட்டது. அவ கமராவைக் கண்ணில் வைத்தா. இவ்வளவு கரைச்சலும் இந்த ஓட்டையால்தானே! நான் பாய்ந்து நடுவில் நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். கிளிக்.

ஜப்பான்காரர் கை தட்டினார்கள். காரியத்தை முடித்தவன் நான்தான் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அம்மா ஏசவில்லை. அதுதான் அதிசயம். ரயிலில் மட்டும் மெதுவாகக் கேட்டா: "இனி ஸ்டூடியோக்காரன் அக்காவை எங்கை ஒட்டுறது?"

"விடுமப்பா, அடுத்தமுறை எடுப்பம்" என்றார் அப்பா. நான் மிச்சப் புட்டைச் சாப்பிட்டேன்.

படத்தில் இல்லாத ஒருவரை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டித் தருவது ஊர் ஸ்டூடியோக்களில் வழக்கம். எனக்கு அப்போது அது தெரியாது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்காவின் கடிதம் வந்தது. "மலை நல்ல வடிவு. தம்பி கொழுத்திட்டான். எனக்குத்தான் நிக்க இடமில்லை."

அம்மா அதை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போயிட்டா. அக்காவுக்கு மலையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்று நான் நினைத்தேன். அம்மா எழுதிய பதிலின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. பெரிய பெரிய எழுத்தில் எழுதினேன்:

"அக்கா, மலை சரியான பெரிசு. எத்தினை பேரும் நிக்கலாம். வந்து பாருங்கோ."