சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த மருமகள்

லிஃப்ட்காரரை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். இருபத்தாறு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஒன்பது மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் ஒரு டார்ச்சோடு தனியாக இறங்கிவிடுவார். அதே மனிதர், பழைய பேய்ப் படத்தில் ஒரு கதவு தானாகத் திறந்தால் போதும், பக்கத்தில் இருப்பவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். என் கைப்பையின் வார் அவர் புண்ணியத்தில் இரண்டு முறை அறுந்திருக்கிறது.

எங்கள் கூட்டம் ஞாயிறு மதியம் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் நடக்கும். அன்று கிளினிக்குக்கு விடுமுறை. பழைய படப் பைத்தியங்கள் பதினைந்து இருபது பேர், பல் வலிக்காரர்கள் உட்காரும் நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, கடவாய்ப் பல் படத்துக்குப் பக்கத்துச் சுவரில் படம் பார்ப்போம். பிறகு சண்டை போடுவோம். பேய் பேசினால் பயமா, பேசாமல் நின்றால் பயமா என்று மூன்று வாரம் விவாதித்திருக்கிறோம். ஒரு வக்கீல் ஆபீசில் தட்டச்சு செய்கிறவள் என்பதால், கூட்டக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

அந்தச் சண்டைகளில் கடைசி வார்த்தை லிஃப்ட்காரருடையதுதான். அதற்குக் காரணம் ஒரே ஒரு படம். சாப்பாட்டு மேசைப் படம் என்போம். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தியேட்டரில் ஒரே ஒரு தடவை அவர் பார்த்தது. அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கும் கிடைக்கவில்லை. எங்களில் வேறு யாரும் பார்த்ததில்லை.

அவர் சொல்லும்போது அறையே கப்சிப் ஆகிவிடும். ஒரு பெரிய வீடு. மூத்த மருமகள் மாடியிலிருந்து விழுந்து சாகிறாள். அடக்கம் நடக்கிறது. அடுத்த காட்சியில் வீடே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறது, அவளும் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் அவளோடு பேசுவதில்லை, அவள் பக்கம் திரும்புவதும் இல்லை. குழம்பை எட்டி எட்டி அவளே ஊற்றிக்கொள்கிறாள். "செத்துட்டோம்னு அவளுக்கே தெரியல. பேய்ப் படம்னா அதுதாங்க. ஒரு அலறல் கிடையாது, ஒரு புகை கிடையாது" என்று லிஃப்ட்காரர் முடிப்பார். எனக்குக் கை ரோமம் சிலிர்க்கும். அந்தக் காட்சியை அளவுகோலாக வைத்துத்தான் மற்ற எல்லாப் படங்களையும் நாங்கள் தூக்கிப் பிடித்தோம், கிழித்துப் போட்டோம்.

அவருடைய மனைவியின் அண்ணன் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவர். சாது. எங்கள் கூட்டத்துக்கு வந்தால் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் டீ குடித்துவிட்டுப் போவார். போன வருடம் ஒரு ஞாயிறு, லிஃப்ட்காரர் வழக்கம்போல அந்தக் காட்சியை விவரித்து முடித்ததும், இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அந்தச் சாப்பாடு அவ சாகறதுக்கு முன்னாடிதானே மாப்ளே வரும்? கள்ள உயில் விஷயத்தை அவ வெளியே சொல்லிடுவா. அந்தக் கோவத்துல யாரும் அவகூடப் பேசமாட்டாங்க. நானும் அந்தப் படம் பாத்திருக்கேன், வேற ஊர்ல."

லிஃப்ட்காரரின் முகம் சிவந்துவிட்டது. யார் எதிர்த்துப் பேசினாலும் அவருக்கு அப்படித்தான். ஆனால் அன்று அவர் சொன்னது சபையில் சொல்லக்கூடிய பேச்சில்லை.

"மாமாவுக்கும் இப்படித்தான் மச்சான் ஆரம்பிச்சுது. முதல்ல எது முன்னாடி எது பின்னாடின்னு குழம்பினாரு. அப்புறம் உங்களையே யாருன்னு கேட்டாரு. நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க."

அறை சிரித்தது. நானும் சிரித்தேன். மச்சானின் அப்பா கடைசி நாலு வருடம் சொந்தப் பிள்ளைகளையே அடையாளம் தெரியாமல் கிடந்து போனவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வயதான மனிதர் ஒருவரை மறதிக்காரர் என்று சொல்லிச் சிரிப்பதற்கு அந்த விவரமெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா என்ன? குறிப்பேட்டில் அந்தப் பேச்சை அப்படியே எழுதி, பக்கத்தில் 'சிரிப்பு' என்றும் போட்டேன். மச்சான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பல் டாக்டர் அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து வாங்கிவிட்டார். டிவிடியை லிஃப்ட்காரரிடமே கொடுத்து, "நீங்க முதல்ல பாத்து வைங்க. அடுத்த மாசம் போட்டுடலாம்" என்றார்.

இனி சொல்வது பிறகு லிஃப்ட்காரரே சொல்லித் தெரிந்துகொண்டது. ஒரு மத்தியானம் வீட்டில் தனியாக உட்கார்ந்து படத்தைப் போட்டிருக்கிறார். சாப்பாட்டுக் காட்சி வந்தது. மருமகள் உயிரோடு இருந்தாள். உயில் விஷயம் அம்பலமாகி வீடே அவள்மேல் எரிச்சலில் இருந்தது, அதனால் பேசவில்லை. சாப்பிட்டு முடித்து மாடிக்குப் போன பிறகுதான் விழுந்தாள். மூன்று முறை போட்டுப் பார்த்தாராம், ஏதோ நான்காவது முறை மாறிவிடும் என்பது போல. அந்த நாளில் அந்தத் தியேட்டர் ஆபரேட்டர் நான்காவது ரீலையும் ஐந்தாவது ரீலையும் மாற்றி ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஓர் ஆபரேட்டரின் கவனக்குறைவை நாற்பது வருடமாக ஓர் இயக்குநரின் மேதைமை என்று இவர் கொண்டாடியிருக்கிறார். நாங்களும் பின்பாட்டு பாடியிருக்கிறோம்.

அதை அப்படியே வந்து சொல்லியிருந்தால் ஒரு வாரம் கேலி செய்துவிட்டு விட்டிருப்போம். மனிதருக்கு மனம் வரவில்லை. நாலு நாள் லீவு போட்டு, கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றி, சாப்பாட்டுக் காட்சியை வெட்டி, அடக்கத்துக்குப் பின்னால் ஒட்டிவிட்டார். உயில் பற்றிய பேச்சை அடியோடு தூக்கிவிட்டார். லிஃப்ட் கம்பியை மாற்றுகிற கை, வேலை சுத்தமாக இருந்தது.

படம் போட்ட ஞாயிறு அறை நிரம்பி வழிந்தது. மச்சானை லிஃப்ட்காரர் கூப்பிடவில்லை. பல் டாக்டர் கூப்பிட்டிருந்தார். அவர் வந்து பழைய கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். இளைத்திருந்தார். அடக்கம் முடிந்து சாப்பாட்டு மேசையில் அவள் வந்து உட்கார்ந்தபோது என் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். படம் முடிந்ததும் கைதட்டல். லிஃப்ட்காரர் எழுந்து நிற்கவே இல்லை. தன்னடக்கம் என்று நினைத்தேன்.

மச்சான்தான் எழுந்தார்.

"அன்னிக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன். மாப்ளே சொன்னதுதான் சரி. எல்லாரும் மன்னிக்கணும்" என்றார்.

"பரவால்ல மச்சான். விடுங்க" என்றார் லிஃப்ட்காரர். இதை அவர் வாய் கூசாமல் சொன்னார். எழுதும்போது எனக்கே கூசுகிறது.

"இல்ல மாப்ளே, நீங்க அன்னிக்குச் சொன்னது நல்லதுதான். எனக்கு அந்தப் படம் கண்ணுக்கு நேரா நிக்கற மாதிரி ஞாபகம். அதுவே தப்புன்னா மத்ததெல்லாம் எப்படி நம்பறது? ஒவ்வொரு மாத்திரையும் எடுத்துட்டு நாலு தடவை பாக்க ஆரம்பிச்சேன். அஞ்சு எம்.ஜி.யா அம்பது எம்.ஜி.யான்னு அட்டையைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். அப்பா மாதிரி ஆகி யாருக்காவது மாத்திக் குடுத்துட்டா என்ன பண்றதுன்னு, போன மாசம் வேலையை விட்டுட்டேன். அவசரப்பட்டுட்டோமோன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு சந்தேகம் இருந்துச்சு. இப்போ படத்தைப் பாத்தாச்சு. சரியாத்தான் செஞ்சிருக்கேன்."

நிம்மதியாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டப் போனார்.

லிஃப்ட்காரர் நாற்காலிகளை இடித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார். வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மச்சான், படத்தை நான் வெட்டி மாத்தி ஒட்டினேன். சாப்பாடு முன்னாடிதான் வரும். நீங்க சொன்னதுதான் சரி. என் மானம் போயிடும்னு செஞ்சேன்."

நான் குனிந்து என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சான் ஒற்றைச் செருப்போடு நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உயில் விஷயம் உண்டா?"

"உண்டு."

"அவ அப்போ உயிரோடதான் இருந்தாளா?"

"இருந்தா மச்சான். எல்லாம் நீங்க சொன்ன மாதிரியேதான். உங்களுக்கு ஒண்ணுமில்ல."

மச்சான் மெதுவாகத் தலையை ஆட்டினார். மாப்பிள்ளையின் கையை விலக்கிவிட்டு, இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார். எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார்.

"கடையில வேற ஆள் போட்டுட்டாங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.