ஆட்டுக் கடனில் வாங்கிய மெமரி

அன்று வக்கீலின் மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வக்கீல், ஊரின் மூன்று கம்ப்யூட்டர் கடைகளுக்கும் சேர்த்துப் பேச வந்த பெரிய கடை அண்ணாச்சி, பக்கத்து டி.டி.பி. சென்டர் நண்பன், என் மனைவி, நான். மனைவியின் மகளிர் குழுத் தலைவி வரவில்லை. ஆனால் அவரும் ஒரு மூலையில் உட்கார்ந்து என்னையே பார்ப்பதுபோல எனக்கு இருந்தது.

காரணம் ஓர் ஆடு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், சிவகாசியில் காலண்டர்களுக்கு அடியில் கடைப் பெயர் போட்டுக் கொடுக்கும் சின்ன சென்டர் வைத்திருந்தேன். சீசன் நேரத்தில் முருகன் படத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் முகத்தை மட்டும் காட்டிவிட்டு நின்றுவிடும். வேலும் மயிலும் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். மெமரி கூட்ட வேண்டும் என்றார்கள். தீப்பெட்டி செய்யும் ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனைவி, ஆடு வாங்கப் போவதாகச் சொல்லிக் குழுவில் கடன் எடுத்தாள். மெமரி வாங்கியது போக மிஞ்சுவதில் ஒரு குட்டியாவது வாங்கிக் கட்டிவிடலாம் என்று நினைத்தோம். மூன்று கடையிலும் விசாரித்தேன். மூன்றிலும் ரூபாய் பிசகாமல் ஒரே விலை. பெரிய கடையிலேயே இரண்டு மெமரி வாங்கினேன். குட்டிக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

என்னைப்போலவே மெமரி வாங்கியிருந்த நண்பன் பிறகு மதுரைக்குப் போனபோது, அதே மெமரி அங்கே நானூற்றைம்பது ரூபாய் குறைவு என்று விசாரித்துக்கொண்டு வந்தான். பேப்பரிலும் அப்போது ஒரு செய்தி வந்திருந்தது. வெளிநாட்டில் மெமரி செய்கிற பெரிய கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றிவிட்டனவாம். வாங்கியவர்கள் நஷ்டஈடு கேட்கிறார்களாம்.

"ஏலே, இங்கனயும் அதான் நடந்திருக்கு. மூணு அண்ணாச்சியும் தெனம் ஒரே டீக்கடையிலதான உக்காந்திருக்காக" என்றான் நண்பன்.

"பெரிய ஆளுகப்பா. நாளைக்கு ரிப்பேர்னா யாருகிட்ட போறது?"

"நீ பயந்து பயந்தே செத்துருவலே."

பயந்து வீட்டிலேயே இருந்திருப்பேன். ஆனால் குழுக் கூட்டத்தில் தலைவி கேட்க ஆரம்பித்திருந்தார். "ஆடு எங்க?" "மேயப் போயிருக்குக்கா." "எந்நேரமும் மேயுதே, எம்புட்டு பெருசாயிருக்கும்? அடுத்த மாசம் மொத சனிக்கிழமை நானே வந்து பாக்கேன்." ஆடு இல்லையென்றால் மனைவியைக் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்கள். அண்ணாச்சிமார்களைவிடத் தலைவிமேல் எனக்குப் பயம் கூட. பணம் திரும்பி வந்தால் ஒரு குட்டி வாங்கிவிடலாம். நண்பன், நான் இரண்டு பேர் சார்பிலும் வக்கீல் நோட்டீஸ் போனது: கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தராவிட்டால் விருதுநகர் நுகர்வோர் கோர்ட். பீஸுக்குப் பதில் வக்கீலுக்கு லெட்டர்பேடு அடித்துத் தருவதாக ஏற்பாடு. பில் காட்டினால் மெமரி ஒன்றுக்கு நானூற்றைம்பது தருவதாகக் கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

நண்பன் கசங்கிய பில்லை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டான். நான் என்னுடையதை எடுத்தேன்.

எலி கடித்துவிடுமோ, மழையில் நனைந்துவிடுமோ என்று பயந்து, நோட்டீஸ் போன அன்றே அதை லேமினேஷன் செய்திருந்தேன். ரேஷன் கார்டிலிருந்து ஜாதகம் வரை லேமினேஷன் செய்கிற ஊர் இது. ஆனால் அந்த பில், சூடு பட்டால் எழுத்து பதிகிற வழவழப்பான தாள். லேமினேஷன் மெஷினின் சூட்டில் முழுக்கக் கறுப்பாகி வெளியே வந்தது.

அண்ணாச்சி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது எந்த எலும்புக்கு எடுத்த எக்ஸ்ரே?"

மனைவிதான் பேசினாள். "பில்லு கருகிப்போச்சு, ஒத்துக்கிடுறோம் அண்ணாச்சி. மெமரில உங்க கடை ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதியிருக்கீகள்ல?"

"அதக் கொண்டாந்திருக்கீகளா?"

கொண்டுவந்திருந்தோம். கழற்றினால் மறுபடி மாட்ட வருமோ என்ற பயத்தில் கம்ப்யூட்டர் பெட்டியையே போர்வையில் சுற்றி, தீப்பெட்டி ஆபீஸ் வேனில் பெண்களின் காலடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். "உள்ள என்னக்கா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஆடு" என்றாள் மனைவி. அதன் பிறகு வேனில் யாரும் அதன்மேல் காலை வைக்கவில்லை.

அண்ணாச்சியே பெட்டியைத் திறந்தார். இரண்டு ஸ்டிக்கரிலும் அவர் கையெழுத்து. சிரித்துவிட்டார். "ஏய்யா, ரெண்டு மெமரிக்கு முழுப் பெட்டியையுமா தூக்கிட்டு வருவ? அம்புட்டு பயமா?"

"ஆமா அண்ணாச்சி."

"ஆடு வாங்கணும் அண்ணாச்சி" என்று மனைவி சொன்னதும், எனக்குச் சேர வேண்டிய தொள்ளாயிரத்தில் ஐந்நூறை எண்ணிக் கொடுத்தார். "மீதிய தீபாவளி யாவாரம் முடியவும் வந்து வாங்கிக்க." அண்ணாச்சி சொன்னால் சொன்னதுதான் என்று நானும் தலையை ஆட்டினேன்.

அந்த ஐந்நூறுக்கு எவ்வளவு சின்னக் குட்டி கிடைக்குமோ அவ்வளவு சின்னக் குட்டி ஒன்றை அன்று சாயங்காலமே பிடித்து வந்தோம். சொன்ன சனிக்கிழமை தலைவி வந்தார். குட்டியைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"இம்புட்டு நாளு மேஞ்சும் வளரலையே."

"திங்கிறதெல்லாம் ஓடியே கரைச்சிருதுக்கா" என்றாள் மனைவி. நான் குட்டி ஓடவேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். ஓடியது.

அந்தக் குட்டி வளர்ந்து தாயாகி அதன் குட்டிகளையும் விற்றுவிட்டோம்; குழுக் கடனும் அடைந்தது. தீபாவளி முடிகிறபோதெல்லாம் பெரிய கடைப் பக்கம் போகிறேன். அண்ணாச்சி டீ சொல்வார். "ஆடு சௌக்கியமா?" என்று கேட்பார். பணத்தைக் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்து, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுகிறேன். பாக்கி நானூறு ரூபாய்.