ஸைனுலாப்தீன் காக்காவின் சுண்ணாம்புப் பேணி

முதலில் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார். கைத்தடியால் அடிமரத்தில் இரண்டு தட்டு தட்டுகிறார். காதை வைத்துக் கேட்கிறார். பிறகு கையிலுள்ள பழைய பால்மாத் தகரப் பேணிக்குள் விரலை விட்டுச் சுண்ணாம்பைத் தொட்டு, மரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று இழுக்கிறார். "எழுவத்தெட்ட மறந்திட்டீங்களா? இத வெட்டிப் போடுங்க." வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் ஸைனுலாப்தீன் காக்கா அடுத்த வளவுக்குள் நுழைந்துவிடுகிறார்.

கல்முனையில் எங்கள் கடற்கரைத் தெருவின் புயல் பாதுகாப்புக் குழுவுக்கு, தெருவே அண்ணன் முறையில் காக்கா என்றழைக்கும் அவர்தான் தலைவர். எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயலில் தென்னைகள் விழுந்து வீடுகள் நொறுங்கியதை எல்லாரும்தான் பார்த்தோம். அவர் மட்டும் அதைப் பதவியாக்கிக்கொண்டார். குழு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். காக்காவும் பேணியும்தான் குழு. மற்ற உறுப்பினர்கள் தேநீரும் வடையும் உள்ள கூட்டங்களுக்கு மட்டும் தவறாமல் வருவார்கள்.

பாய் இழைத்துப் பிழைக்கும் சபியா உம்மாவின் வளவில் ஒரேயொரு தென்னைதான் நின்றது. நிமிர்ந்த மரம், நன்றாகக் காய்த்த மரம். அதிலும் கோடு விழுந்தது. "காக்கா, எங்கட கறிச்சட்டிக்கு இந்த மரத்த விட்டா வேற என்ன இரிக்கி?" என்று சபியா உம்மா கெஞ்சினார். "உசிர் பெரிசா, தேங்கா பெரிசா?" என்றார் தலைவர். பேச்சு முடிந்தது. மரமும் முடிந்தது. இப்போது தேங்காய்ப் பாதி ஒன்றுக்கும் சபியா உம்மா சந்தைக்கு நடக்கிறார்.

தெருவிலேயே மோசமாகச் சாய்ந்து நிற்கும் தென்னை எது தெரியுமா? காக்கா குடியிருக்கும் வீட்டுக்கு மேலே நிற்பது. அதில் மட்டும் கோடு இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம், மாப்பிள்ளை வந்து குடியேறுபவர். ஊருக்கே தலைவரானாலும் மனைவியின் வளவில் ஓர் ஈர்க்கை ஒடிக்க அவளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறார். "என்ட வாப்பா வெச்ச மரம். உங்கட சுண்ணாம்பு அதுல பட்டா பேணியோட நீங்களும் வெளியதான்" என்று சுஹறா சொன்னது தெருக்கோடிவரை கேட்டது. காக்காவிடம் கேட்டுப் பாருங்கள், வேறு கணக்குச் சொல்வார்: "அது கடல் பக்கமாத்தானே சாஞ்சிரிக்கி. கடல்காத்து அடிச்சா தானா நிமிந்திரும்."

சென்ற நவம்பரில் வானொலி உண்மையாகவே புயல் வருகிறதென்றது. அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காக்கா முழங்கினார்: "மரத்துக்குக் கீழ ஊடு இரிக்கிற ஆக்கள் உடனே வெளியேறுங்க!" முழங்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். சாய்ந்த மரத்துக்கு நேர் கீழேயுள்ள அறையில் மகள் அஸீஸா, நாற்பது நாள் கழியாத பச்சைக் குழந்தையோடு படுத்திருந்தாள். காக்கா மரத்தைப் பார்த்தார். காற்று பலமாகத்தான் அடித்தது, மரம் நிமிர்வதாகக் காணவில்லை. அவருடைய முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. "எழும்பு மகள், புள்ளையத் தூக்கு" என்றார். அந்த நேரம் மட்டும் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

பிள்ளை பெற்றவளைப் எல்லாரும் ஒதுங்கிய பள்ளிக்கூடத்துச் சனக்கூட்டத்தில் கிடத்த முடியுமா? அருகில் மரமில்லாத வீடு ஒன்றுதான் இருந்தது. மருமகன் மர்சூக் ஒரு கையால் அஸீஸாவைத் தாங்கி மறு கையில் குழந்தையை அணைத்துக்கொள்ள, தலைவர் பேணியைச் சுமந்தபடி சபியா உம்மாவின் வாசலில் போய் நின்றார். கடைசியாக வந்த சுஹறா, "நான் மரத்துக்குப் பயந்து வரல்ல, புள்ளைக்குத் துணையா வந்த" என்றார்.

சபியா உம்மா விற்க வைத்திருந்த புதுப்பாயை எடுத்து விரித்தார். "படுங்க மகள். எங்கட ஊட்டுல ஒண்டுக்கும் பயமில்ல. மரமே இல்லையே."

புயல் வடக்கே திரும்பிவிட்டது. விடிந்து பார்த்தால் சுஹறாவின் தென்னையில் ஓலையும் குறையவில்லை, சாய்வும் குறையவில்லை. சபியா உம்மா கொடுத்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு காக்கா முற்றத்தில் இறங்கினார். வழக்கம்போல அண்ணாந்தார். அங்கே வெறும் வானம்தான் இருந்தது. பிறகு கீழே பார்த்தார். வெட்டிய தென்னையின் குற்றிக்குப் பக்கத்தில், சபியா உம்மா புதிதாக நட்ட தென்னம்பிள்ளை முழங்கால் உயரத்தில் நின்றது. காக்கா கைத்தடியைச் சுவரில் சாத்தினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். பேணிக்குள் விரலை விட்டு, அந்தத் தென்னம்பிள்ளையில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தார்.