பன்றிக்குக் கட்டிய கொசுவலை

வெல்டருக்கு ஒரு பெயர் இருந்தது. கல்யாணமான மறுநாளே அது காணாமல் போயிற்று. மாமனார் வீட்டோடு வந்து தங்கியவனை அவர் "மாப்ளே" என்றார், அதைக் கேட்டுத் தெருவே மாப்பிள்ளை என்றது. கேட் செய்யச் சொல்லி வருகிறவர்கள்கூட "மாப்பிள்ளை பட்டறை எது?" என்றுதான் விசாரித்தார்கள். வேலையில் சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரன். காதுதான் கோளாறு. கேட்காமல் இல்லை, நன்றாகவே கேட்கும். பாதி கேட்டதுமே "புரிஞ்சிடுச்சு, விடுங்க" என்று சுத்தியலை எடுத்துவிடுவான். ஜன்னலுக்குச் சொன்னவர் கதவோடு வீட்டுக்குப் போன கதையெல்லாம் உண்டு.

அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்த ஒரே சொத்து ராணி. கொல்லையில் வளர்ந்த பெண்பன்றி, நல்ல வாட்டசாட்டம். அவளுக்கும் மாமனாருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருமுறை அவருடைய செருப்பைத் தின்றுவிட்டாள், அதுவும் ஒற்றைச் செருப்பை. கொல்லையைத் தாண்டினால் தண்ணீர் கட்டிய நெல்வயல், வயல் நிறையக் கொக்கு, சாயங்காலமானால் வீடு நிறையக் கொசு.

மழை பிடித்த சமயம் சுகாதார நிலையத்து நர்ஸம்மா பட்டறைக்கு வந்தார்.

"வயல் தண்ணியில பெருகுற கொசு கொக்கையும் பன்னியையும் கடிக்கும். கொக்குகிட்ட இருக்குற கிருமி அப்படியே பன்னி ரத்தத்துல போய்ப் பெருகும், பன்னி பாட்டுக்கு ஜம்முனு இருக்கும். அப்புறம் அதைக் கடிச்ச கொசு பிள்ளையைக் கடிக்கும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா யாரோ ஒருத்தருக்கு மூளைக்காய்ச்சல் வந்துடுச்சுன்னா வலிப்பு, மயக்கம், உயிரே போயிடும். பொழைச்சாலும் சில பிள்ளைங்க பழையபடி ஆகமாட்டாங்க. அந்தக் கிருமியைக் கொல்ல மருந்தே கிடையாது. அதனால..."

"புரிஞ்சிடுச்சு, விடுங்க நர்ஸம்மா."

பன்றியைத் தள்ளி வை, குட்டி மகளுக்கு முகாமில் தடுப்பூசி போடு, பொழுது சாய்ந்தால் வலைக்குள் படு. நர்ஸம்மா சொல்ல வந்தது இதைத்தான். மகராசன் எங்கே சொல்லவிட்டான்! அவனுக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று: ராணியைக் கொசு கடிக்கக் கூடாது.

மறுநாள் காலை மாமனார் முகமெல்லாம் தடிப்போடு எழுந்து வந்தார்.

"மாப்ளே, என் கொசுவலையைப் பாத்தீங்களா?"

பார்க்காமல் என்ன? கொல்லையில் நாலு குழாயைப் பற்றவைத்து, மேலே அந்த வலையைக் கட்டியிருந்தான். உள்ளே ராணி கால் நீட்டிக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் உங்க பேத்திக்காகத்தான் மாமா. நர்ஸம்மாவே சொன்னாங்க."

"பன்னிக்கு வலை கட்டச் சொன்னாங்களா?"

"கிட்டத்தட்ட."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அதுக்கு ஒரு தலகாணியும் போட்டிருக்கலாமே!" என்றாள். அவன் ஒரு நிமிடம் யோசித்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலைந்து நாள் போயிருக்கும். சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் மகளைக் காணோம். மாமனார் தெருவுக்கு ஓடினார், மனைவி வயலோரம் ஓடினாள், அவன் பட்டறையில் கட்டில் செய்ய அடுக்கிய கம்பியையெல்லாம் புரட்டினான். கடைசியில் கொல்லையிலிருந்து இரண்டு குறட்டை கேட்டது. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. வலைக்குள்ளே ராணியின் வயிற்றில் தலை வைத்து மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டேதான் வலையைத் தூக்கக் குனிந்தான். ராணி மூக்கால் நெம்பியதில் வலையின் அடி ஓரம் ஒரு முழம் தூக்கிக் கிடந்தது. உள்ளே, வலையின் மேல்மூலை முழுக்க, வெளியே போக வழி தெரியாத கொசுக்கள், வயிறு சிவக்கக் குடித்துவிட்டுத் தொங்கின. மகளின் கையில் வரிசையாகத் தடிப்பு.

மகளை வாரி வெளியே எடுத்தான். பன்றியைக் கடித்த கொசுவையும் பிள்ளையையும் ஒரே வலைக்குள் அவனே அடைத்து வைத்திருக்கிறான்.

விடிந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு நர்ஸம்மாவிடம் ஓடினான். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் கடைசிவரை கேட்டான்.

"எல்லாக் கொசுகிட்டயும் கிருமி இருக்காது, பயப்படாதீங்க. ஊசி இப்பவே போட்டுடலாம், ஆனா நேத்து கடிச்சதுக்கு அது உத்தரவாதம் இல்லை. ரெண்டு வாரம் கவனமாப் பாருங்க. காய்ச்சல், தலைவலி, வாந்தி, தூங்கி வழியறதுன்னு எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரி."

ஊசிக்கு மகள் அழவில்லை, அவன்தான் அழுதான்.

அன்றைக்கே வயலுக்கும் வீடுகளுக்கும் எட்டாத மேட்டில், கம்பிவலை வைத்த கொட்டில் ஒன்றைச் செய்து ராணியைக் குடிவைத்தான். "மாப்ளைக்கு ஊருக்கு வெளியே இன்னொரு குடும்பம்" என்று மாமனார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. கம்பி வளைப்பான், ஓடி வந்து மகளின் நெற்றியைத் தொடுவான். ஓயாமல் தொட்டதில் அவள் அப்பாவைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஒளிந்தாள்.

நர்ஸம்மா சொன்ன கெடு ஒரு காய்ச்சலும் இல்லாமல் கழிந்தது. அன்று பொழுது சாய்கையில் அவன் எல்லாருக்கும் புது வலை கட்டினான். மகளின் பாயைச் சுற்றி ஓரத்தை அங்குலம் அங்குலமாகச் செருகி, ஓட்டை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தான். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ராணிக்கும் இப்படித்தான் பாத்துப் பாத்துக் கட்டுனீங்க."

"ஆமா" என்றான். "அவளுக்குத்தான் முதல்ல கட்டுனேன்." மறுபடியும் முதல் மூலையிலிருந்து தடவ ஆரம்பித்தான்.