எழும்பி நிற்பதற்கும் ஓர் அனுமதி

உதைபந்தாட்ட மைதானத்தில் காவல் நிற்பவனின் தொழில், ஆயிரம் பேரை இருக்கச் சொல்லிக்கொண்டு தான் மட்டும் ஐந்து மணித்தியாலம் நிற்பது. இதற்குப் பிரான்சில் ஒரு பயிற்சி உண்டு, ஒரு பரீட்சை உண்டு, படம் ஒட்டிய ஓர் அட்டையும் உண்டு. நிற்பதற்குப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தவன் எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலின் சமையலறைகளிலும் கடைகளிலும் காலையிலிருந்து நின்று கணுக்கால் வீங்கிப்போன வாசகர்களே, உங்களுக்கு நிற்பதைப்பற்றி நான் பாடம் எடுக்க வரவில்லை. கிழமை நாட்களில் நான் ஓர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில் இருந்து சம்பளம் வாங்குபவன். ஞாயிறு பிற்பகல்களில் மட்டும் செம்மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு உங்கள் இனத்தில் சேர்கிறேன். அந்த ஞாயிறுகளில் நடந்தவைதான் இவை.

முதுகு காட்டும் வேலை

எங்களுக்கு முதல் நாள் சொல்லித்தந்த விதி: மைதானத்துக்கு முதுகைக் காட்டு, சனத்துக்கு முகத்தைக் காட்டு. பந்தைப் பார்க்கிற காவலாளி காவலாளியே அல்ல. ஆகவே ஒன்பது வருடத்தில் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்களுக்குப் போயிருக்கிறேன், ஒரு கோலைக்கூடக் கண்டதில்லை. கண்டதெல்லாம் கோல் விழுகிறபோது மனிதர்களின் முகம் என்ன செய்கிறது என்பதுதான். எங்கள் பக்கம் அடித்தால் வாய்கள் திறக்கும். எதிர்ப்பக்கம் அடித்தால் கைகள் தலைக்குப் போகும். தண்ட உதை என்றால் சூயிங்கம் மெல்லுவது நிற்கும். பழைய கிரேக்க நாடகங்களில் கொலை மேடைக்கு வெளியேதான் நடக்கும், பார்ப்பவர்களுக்குச் செய்தி மட்டும்தான் வரும் என்று வாசித்திருக்கிறேன். எனக்கும் அந்த ஏற்பாடு பிடித்துப்போனது.

ஒரு ஞாயிறு வேலை முடிந்து கார் து நோர் தொடருந்து நிலையத்தில் இறங்கி, ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணைக்கு உதைபந்தாட்டத்தில் பைத்தியம். "ஆர் அடிச்சது, எப்பிடி அடிச்சது?" என்று கேட்டார். "ஆர் எண்டு தெரியாது அண்ணை. ஆனா மூண்டாம் வரிசையிலை ஒரு தாடிக்காரன் விக்கி விக்கி அழுதவன்" என்றேன். அவர் தேத்தண்ணியை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "உன்னட்டைக் கேட்டதுக்கு, வெளியிலை பஸ்ஸுக்குள்ளை இருந்த டிரைவரைக் கேட்டிருக்கலாம்."

மதாம் ஒதெத் பார்க்கும் ஆட்டம்

எங்கள் கழகம் புறநகரில் உள்ள ஒரு சின்னக் கழகம். பெயர் சொன்னால் அவர்களும் வருத்தப்படுவார்கள், நீங்களும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் வடக்கு அரங்கு என் பொறுப்பு. ஆளுக்கொரு கதிரை இருக்கவேண்டும், ஆள் கதிரையில் இருக்கவேண்டும் என்பது சட்டம். முதல் பாதியைக் கழகம் நிறைவேற்றிவிட்டது. இரண்டாம் பாதியை நிறைவேற்றத்தான் நாங்கள். ஆதரவாளர்களோ கதிரைக்கு முன்னால் நிற்பார்கள், கதிரைக்கு மேல் ஏறியும் நிற்பார்கள். கோல் விழுந்தால் கதிரை முதுகில் தடுக்கி முன்வரிசைக்காரன் கழுத்தில் விழுவார்கள். ஒரு காலத்தில் நின்று பார்க்கிற அரங்குகளில் நெரிசல்பட்டு மனிதர்கள் செத்துப்போனதால்தான் கதிரை வந்தது. அதை நான் பகிடியாக்கமாட்டேன். ஆனால் ஆதரவாளர்கள் இப்போது கேட்பது வேறு. வரிசைக்கு வரிசை இடுப்பளவில் இரும்புக் கம்பி, ஆளுக்கொரு இடம், முன்னால் சரிய வழியில்லை. அப்படி ஒரு பகுதியைத் தந்துவிட்டால் நிற்பவர்கள் அங்கே போய் நிற்பார்கள், மற்றவர்கள் இருக்கலாம் என்று ஒரு மனு தயாரானது.

வடக்கு அரங்கில் அந்த மனுவில் முதல் கையெழுத்து வைத்தவர், நிற்கவே முடியாத ஒருவர். பதினோராம் வரிசை மதாம் ஒதெத். பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். உயரம் ஒன்றரை மீற்றர், அதுவும் தொப்பியோடு. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தபின் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது. அவருக்கு நேர் முன்னால் ஐந்து நெட்டைப் பையன்கள், தொடக்க விசிலிலிருந்து கடைசி விசில் வரை நிற்பார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நான் அவர்களிடம் போய் இருக்கச் சொல்வேன். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு நிற்பார்கள். இந்த வருடமும் ஒரு வழி பிறக்காவிட்டால் அபொன்மோவை, அதாவது வருடச் சீட்டைப் புதுப்பிக்கமாட்டேன், இனி வரவே மாட்டேன் என்று மதாம் முடிவெடுத்திருந்தார். ஆட்டத்தை விட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பெயர் கிடையாது. "மெசியூ, பதினொரு வருடமாக நான் பார்ப்பது ஒரே காற்சட்டையின் பின்புறம்," என்றார். "இந்த வருடம்தான் அவன் புதிது வாங்கியிருக்கிறான்."

குணம் அண்ணையின் தீர்ப்பு

குணம் அண்ணை என் சக காவலாளி. பொபினிப் புறநகரிலிருந்து வருகிறவர். கிழமை முழுதும் பத்தாம் வட்டாரத்து உணவகம் ஒன்றில் சமையல், ஞாயிறு எங்களோடு. நான் தொடருந்தில் புத்தகம் வாசிப்பதைக் கண்ட நாளிலிருந்து என்னை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார். இடைவேளையில் ஆளுக்கொரு மட்டன் றோலோடு நின்றபோது மனுவைப்பற்றிக் கேட்டார்.

"என்ன வாத்தியார், கதிரை இருக்கு. அதிலை இருக்கமாட்டம், நிக்க விடுங்கோ எண்டு கடிதம் எழுதினவையாமே?"

"ஓம் அண்ணை."

"நான் பதினாறு வருசமா குசினியிலை நிக்கிறன். ஒரு ஸ்டூல் தாங்கோ எண்டு முதலாளியிட்டைக் கேட்டுக் கேட்டு வாய் நோகுது. அந்தப் பெடியளை ஒரு சனிக்கிழமை என்ரை அடுப்படியிலை விடு. கடிதத்தைத் தாங்களே கிழிச்செறிவாங்கள்."

நான் விடவில்லை. கம்பியின் உயரம், வரிசைக்கிடையிலான தூரம், நிற்பவன் போனால் இருப்பவனுக்கு வரும் இலாபம் என்று எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். கடைசியில் மதாம் ஒதெத்தின் கதையையும் சொன்னேன். அவர் விரலில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு யோசித்தார். "மனிசி பாவம்தான். ஆனா நானும் இருபது வருசமா கோயிலிலை பூசை நேரம் முன்னுக்கு நிக்கிறவன்ரை முதுகைத்தான் கும்பிடுறன். சாமி ஒருநாளும் கோவிக்கேல்லை."

பரிசோதனை நாள்

மனு வென்றது, அரைகுறையாக. எதிரேயுள்ள தெற்கு அரங்கில் நானூறு பேருக்குக் கம்பி போட்டு, கதிரைகளை மடித்துப் பூட்டி, பரீட்சார்த்தமாக நிற்க விடலாம் என்றார்கள். மேற்பார்வைக் குழுவிலிருந்து ஒருவர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அறிக்கை நன்றாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் கம்பிகளைக் கழற்றவேண்டும். அன்று நெட்டைப் பையன்கள் ஐந்து பேரும் அங்கே போய்விட, மதாம் தன் மூக்குக்கண்ணாடியை மூன்று தடவை துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.

தெற்கு அரங்குக்கு ஆள் போதவில்லை என்று எங்கள் பொறுப்பாளர் நதியா கடைசி நேரத்தில் குணம் அண்ணையை அங்கே அனுப்பினார். வெள்ளிக்கிழமை நடந்த விளக்கக் கூட்டத்துக்கு உணவகத்தில் லீவு கிடைக்காமல் குணம் அண்ணை போயிருக்கவில்லை. பகுதிக்குள் நுழைந்தார். கண்ணுக்கு எதிரே நானூறு பேர் நிற்கிறார்கள். ஒன்பது வருடப் பழக்கம் சும்மா விடுமா? இரண்டு கைகளையும் கீழ்நோக்கி அசைத்து, தன் அதிமரியாதையான பிரெஞ்சில், தயவுசெய்து இருங்கள் என்று சொல்லிவிட்டார். இதுவரை ஒரு காவலாளியின் சொல்லையும் கேட்டிராத நானூறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே நேரத்தில், சிரிக்காமல், சீமெந்துத் தரையில் இருந்தார்கள். தலைகள் எல்லாம் மறைந்துபோயின. மேலே இருந்த குழுக்காரர் தொலைநோக்கியைத் தூக்கியபோது தெரிந்தவை வெறும் கம்பிகள், ஒரு பெரிய மேளம், நடுவே விறைப்பாக நின்ற குணம் அண்ணை. குழுக்காரர் ஏதோ எழுதிக்கொண்டு பாதியிலேயே எழும்பிப் போய்விட்டார்.

நதியா ரேடியோவில் கத்திய கத்து வடக்கு அரங்குவரை ரேடியோ இல்லாமலே கேட்டது. ஆட்டம் முடிந்து மேலங்கியைக் கழற்றும்போது குணம் அண்ணை மிகவும் மனமுடைந்திருந்தார். "ஒன்பது வருசத்திலை முதல் தரம் என்ரை சொல்லுக் கேட்டவங்கள், வாத்தியார். அதுக்கும் பேச்சு வாங்கிறன்."

ஒரு நல்ல இருக்கை

நிற்க ஆளே இல்லை என்று அறிக்கை வர, பகுதியை மூடிவிட்டார்கள். நானூறு பேரும் வடக்கு அரங்குக்கே திரும்பி வந்து நின்றார்கள். நெட்டைப் பையன்களும் தங்கள் பழைய இடத்தில். மதாம் ஒதெத் அபொன்மோ அட்டையைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் காட்டினார். மூன்று ஆட்டம்தான் மிச்சம், பிறகு இதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து, நிற்கும் பகுதி இல்லாதபோது நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்க்க அந்தக் குழுக்காரர் மறுபடி வந்தார். வடக்கு அரங்கில் அவருக்கு ஒரு நல்ல இருக்கையாகக் காட்டும்படி நதியா எனக்குச் சொன்னார். நல்ல இருக்கை என்றால் என்ன? உடையாதது, துடைத்தது, இலக்கம் தெளிவாகத் தெரிவது. பதினோராம் வரிசையில், மதாம் ஒதெத்துக்குப் பக்கத்தில், அப்படி ஒன்று காலியாக இருந்தது. நான் கூட்டிக்கொண்டுபோய் இருத்தினேன். ஆட்டம் தொடங்கியதும் ஐந்து தூண்கள் எழுந்தன. அவர் தொலைநோக்கியை எடுத்தார். அந்தத் தூரத்தில் அதற்குத் தெரிந்திருக்கக்கூடியது காற்சட்டையின் சலவைக் குறிப்பு மட்டும்தான். மதாம் சத்தத்தை வைத்தே அவருக்கு ஆட்டத்தை விளங்கப்படுத்தினார்: "இப்போது மூலை உதை. இப்போது எங்கள் ஆள் விழுந்திருக்கிறார். இல்லை, நடிக்கிறார்." பொறுக்கமுடியாமல் அவர் எழும்பி நின்றார். கடமை கடமைதானே, நான் படியேறிப் போய், மெசியூ, தயவுசெய்து இருங்கள் என்றேன். அன்று அந்த அரங்கில் என் சொல்லைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். வெளியே போகும்போது என்னைத் தனியாக அழைத்து, தணிந்த குரலில் கேட்டார்: "மெசியூ, நீங்கள் இங்கே வேலை செய்பவர். யார் வென்றது?"

திறந்த வெளி

அறிக்கை எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கம்பிகள் நிரந்தரமாயின. குணம் அண்ணைக்கு, தெற்கு அரங்கின் பக்கமே போகக்கூடாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். மதாம் ஒதெத் செய்தி வந்த அன்றே போய் அடுத்த வருடத்துக்கும் அபொன்மோ எடுத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஐந்து பையன்களும் அவருக்குக் கையசைத்துவிட்டுத் தெற்கே போனார்கள். மதாமுக்கு முன்னால் பத்து வரிசைக்காரரும் கதிரையில் இருந்தார்கள். அதற்கப்பால் பச்சைப் புல், முழு மைதானம். நான் வழக்கம்போல அதற்கு முதுகைக் காட்டி, ஆட்டம் முழுவதையும் அவர் முகத்தில் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் அது ஒரு கலியாண வீடு. பிறகு புருவம் மெல்லச் சுருங்கியது. இருபதாம் நிமிடத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, நம்பாமல் பார்த்தார். முப்பதாம் நிமிடத்தில் எங்கள் பின்வரிசை ஆட்டக்காரர் எங்கள் கோலுக்கே பந்தை அடித்திருக்கவேண்டும், ஏனென்றால் மதாம் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இடைவேளையில் போய், எப்படி மதாம், எல்லாம் தெரிகிறதா என்று கேட்டேன். "எல்லாம் தெரிகிறது," என்றார். பதினொரு வருடமும் இவர்கள் இப்படித்தான் விளையாடினார்களா என்று விசாரித்தார். நான் பார்த்ததில்லை மதாம் என்று உண்மையைச் சொன்னேன். அவர் தெற்கு அரங்கில் நின்று பாடிக்கொண்டிருந்த நானூறு பேரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு என் மேலங்கியின் நுனியைப் பிடித்து இழுத்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்: "மெசியூ, அந்த ஐந்து பையன்களையும் திரும்பக் கூப்பிட முடியுமா?"

கண்ணை மறைக்காத ஓர் இருக்கையைத் தருவதுவரைதான் எங்கள் பொறுப்பு, அதில் இருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதைப் பற்றிய முறைப்பாடுகளை ஆட்டக்காரர்களின் பயிற்றுநரிடம்தான் கொடுக்கவேண்டும்.