நெவெனா அடித்த வரி

லோவெச்சில் யாராவது இறந்தால் முதலில் பாதிரியாரைத் தேடுவார்கள், அடுத்தது என்னை. அஞ்சலித் தாள் அச்சடிப்பது என் தொழில். பல்கேரியா முழுக்க இதே வழக்கம்தான்: வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டுவார்கள், நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருடம் என்று ஒவ்வொரு முறையும் புதிதாக. என்னிடமுள்ள நாலு வாசகங்களில் ஒன்றைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நெவெனா அக்கா மட்டும் தானே எழுதிக்கொண்டு வந்தாள்.

உள்ளூர் வாரப் பத்திரிகையில் முப்பது வருடம் பத்தி எழுதியவள். ஆரம்பத்தில் ஆசிரியர் சிவப்பு மையால் அவள் தாளைக் குதறி அனுப்புவார். அவளோ ரோஷக்காரி. எழுதியதை இரண்டு நாள் மூடி வைத்து, பிறகு வேறு யாரோ எழுதியதுபோல் உரக்கப் படிப்பாள். நாக்கு இடறிய இடத்தை மாற்றுவாள். தனக்கு மிகவும் பிடித்த வரியைத்தான் முதலில் சந்தேகப்படுவாள். ஐந்தாறு வருடத்தில் ஆசிரியர் அவள் பத்தியில் கைவைப்பதையே விட்டுவிட்டார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கணவர் லூபென் பஸ் ஓட்டியவர். அவர் இறந்த அன்று காலை இரண்டு பக்கம் எழுதி வந்தாள். 'குளிர்காலம் பூரா எனக்கு முன்னால் எழுந்து என் பூட்ஸை அடுப்பருகே சூடாக்கி வைப்பார், கேட்டால் தெரியாது என்பார்' என்று அதில் ஒரு வரி, அழுகையோடு கோணல்மாணலாக. என் மேசையிலேயே உரக்கப் படித்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

"அக்கா, அந்தப் பூட்ஸ் வரி இருக்கட்டுமே."

"அழுது வடியுது, மெத்தோதி. ஊருக்கு எதுக்கு அது?"

மிஞ்சியது சுத்தமான மூன்று வரி. லூபெனின் அக்கா தோச்கா கதவில் படித்துவிட்டு, "ஏம்மா, எந்தம்பி போனதச் சொல்றியா, பஸ் எத்தன மணிக்குன்னு சொல்றியா?" என்றாள்.

லூபெனின் வருட அஞ்சலிக்குப் பத்து நாள் இருக்கும்போது நெவெனா வந்தாள்.

"அந்த ரெண்டு பக்கம் உங்கிட்டத்தான இருக்கு?"

அன்றைக்கே குப்பையோடு போட்டிருந்தேன், பாவி. ஒரு தாளை எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

"எழுதிப் பாத்தாச்சு, மெத்தோதி. பூட்ஸ், அடுப்பு எல்லாம் ஞாபகமிருக்கு. எழுதும்போதே கை திருத்திடுது. பத்திரிகைக்காரி எழுதின மாதிரி இருக்கு, பொண்டாட்டி எழுதின மாதிரி வரல. நீ படிச்சியே, நீயே எழுதிக் குடு."

நினைவிருந்தவரை கிறுக்கி நீட்டினேன். படித்தாள், கண் கலங்கியது.

"கிட்ட வந்துட்ட. இதையே போடு."

கணினியைப் போட்டுவிட்டுத் தாளுக்காகத் திரும்பினேன். பென்சில் அவள் கையில் இருந்தது. அந்தப் பூட்ஸ் வரியில் இரண்டு சொற்களை அடித்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்தக் கையப் பாரு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.